ஊர்ப் புகழும் ஊர்ச் சான்றும்

யாழ்ப்பாணத்து ஊர்களைப் பற்றிய நூல்கள் அண்மைக் காலத்திற் பல வெளிவந்துள்ளன. கோயிற் கும்பாபிடேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய மலர், கடல் கடந்து வாழ்வோர் பிறந்த மண்ணை நினைந்து அச்சிடுவிக்கும் தொகுப்பு என அவை பல வடிவின. ஊரின் பெயர்க் காரணம், கோயிலின் தொன்மை, கல்வியிற் சிறந்தோர், உத்தியோகத்தில் உயர்ந்தோர் என்னும் வரிசையிலேயே அவற்றுட் பெரும்பாலன அமைகின்றன. எழுதுவோரின் ஊர்ப்பற்றும் உழைப்பும் போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூலைப் படித்து முடித்தவன், "இக்கூற்றுக்குச் சான்று யாது? அச்சான்று இன்று யாரிடத்து உளது?" என்று வினாவின் அதற்கு விடை காண்டல் அரிது. முதியோர் கூறுவர் என்றும், பழைய ஏடொன்று கூறும் என்றும் நூல்கள் சொல்லிச் செல்கின்றன. எந்த முதியோர், எந்த ஏடு என்பன சொல்லப்படுவதில்லை.

ஊரைப் புகழ்தல் ஒன்று. ஊரின் சான்றுகளைப் பேணுதல் பிறிதொன்று. முன்னது அன்பின்பாற்பட்டது, பின்னது கடமையின்பாற்பட்டது. புகழ்வோன் தனக்கு உவந்தவற்றைத் தெரிந்தெடுப்பான். பேணுவோன் அவ்வாறு தெரிந்தெடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்று கொள்வான். ஊர்தோறும் வரலாற்றுக் கழகம் ஒன்று வேண்டும் என்போர் உளர். அது நல்ல கருத்தே. ஆனால் அத்தகைய கழகத்தை அது வெளியிடும் மலர்களின் தொகை கொண்டு மதித்தல் பொருந்தாது. ஊருக்குப் பெருமை தராத சான்றையும் அது பேணியதா என்பதே அதற்குரிய உரைகல்லாகும்.

இவ்வேறுபாடு எத்துணை முதன்மையானது என்பதை யாழ்ப்பாணத்து வரலாற்று நூல்களுள் முதற்கண் வைத்து எண்ணப்படும் நூலே காட்டும். மாதகல் மயில்வாகனப் புலவர் 18-ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்கிணங்க யாழ்ப்பாண வைபவமாலையை உரைநடையில் எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அதற்கு ஆதாரமாயின எனச் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. ஆதாரங்களைப் பெயர் சுட்டிச் சொல்லும் அந்நல்வழக்கு, இன்றைய ஊர் நூல்கள் பலவற்றிற் காணப்படாத ஒன்றாகும். ஆயின் அந்நான்கனுள் கைலாயமாலையும் வையாபாடலுமே எஞ்சின. பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் கிடைத்தில.

இதனால் விளைந்த இடர் சிறிதன்று. முதலியார் செ. இராசநாயகம் 1926-இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928-இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலும் வைபவமாலையின் கூற்றுக்கள் நுணுகி ஆராயப்பட்டன. மன்னர் வரிசையிலும் ஆண்டுக் கணக்கிலும் அந்நூல் வழுவுமிடங்கள் எடுத்துக் காட்டப்பட்டன. ஆயினும் ஒரு வழு புலவருடையதா, அவர் கண்ட ஏட்டினுடையதா, ஏட்டைப் படியெடுத்தோருடையதா என்று பிரித்தறிதற்கு வழியில்லை. மூலத்தை ஒப்பிட்டு நோக்கினாலன்றோ அது தெளியப்படும்? வரலாறு எஞ்ச அதன் சான்று அழியின், பின்வரும் அறிஞர் எத்துணை வல்லராயினும் ஊகத்தினாலேயே வழக்காட வேண்டியவராவர்.

இந்நூல் பற்றி இக்காலத்தில் வழங்கும் பிழையொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆந் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவ்வழிவைக் குறித்து எழுதுவோர் சிலர், யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அன்று எரிந்தது என்கின்றனர். இஃது உண்மையன்று. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிறிற்றோ என்பார் 1879-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். தமிழ் மூலமும் பன்முறை அச்சேறியது, குல. சபாநாதன் பதிப்பு 1949-இல் வெளிவந்தது. எரிந்தது அந்நூலின் ஒரு பிரதியேயாகலாம், நூல் எரியவில்லை.

பெருந்துயர் நிகழ்ந்தவிடத்து இத்தகைய திருத்தம் வேண்டுமோ என்று சிலர் வினாவக்கூடும். வேண்டும் என்பதே விடையாகும். அழிந்தது யாது என்பதைப் பிழையாகச் சொல்வோர், மெய்யாகவே அழிந்தவற்றை மறக்கச் செய்கின்றனர். அன்றியும், வைபவமாலை பிழைத்தமைக்கு அதன் புகழ் காரணமன்று. பல படிகளாய்ப் பலவிடத்துப் பரவியமையே காரணம். அச்சேறாத இராசமுறை மறைந்தது. அச்சேறிய வைபவமாலை தீயினின்றும் தப்பியது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை இதனை நன்கு உணர்ந்திருந்தார். செல்லும் பாணக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியதோடு, ஏடு தேடிய வரலாற்றையும் தம் பதிப்புரைகளில் எழுதிவைத்தார். ஊர்ச் சான்றுகளைப் பேணுவோர் அவரிடத்துக் கற்க வேண்டியவை இரண்டு: படி பெருக்குதல் ஒன்று, எங்குக் கிடைத்தது எனக் கூறுதல் மற்றொன்று.

நிற்க. ஊர்ச் சான்று என்றவுடன் செப்பேட்டையும் கருங்கல் எழுத்தையும் பலர் நினைப்பர். யாழ்ப்பாணத்து ஊரொன்றின் சான்றுகள் பெரும்பாலும் அத்துணைப் பெருமிதம் உடையன அல்ல. அவை அலுமாரியின் அடித்தட்டிலும், தகரப் பெட்டியிலும், கோயில் வாகனசாலையின் மூலையிலும் கிடப்பவை. காணி உறுதி, சீதன ஓலை, கோயிற் கணக்குக் கொப்பி, உபயகாரர் பட்டியல், திருவிழா விஞ்ஞாபனம், ஐக்கிய நாணய சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகம், பாடசாலையின் சேர்விடாப்பு, தலைமையாசிரியர் எழுதிய சம்பவத் திரட்டுப் புத்தகம் என்பன அவை.

இவற்றுள் ஒரு பழைய உறுதியை எடுத்துக்கொள்வோம் எனின், அது உரிமைப் பத்திரம் மாத்திரமன்று. இத்தனை பரப்பு, இத்தனை குழி என்னும் அளவும், தோம்பிற் கண்ட காணிப் பெயரும், நாற்றிசை எல்லைக்குரியோர் பெயரும், வான்பயிர் செய்பயிரும், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் அதன்கண் உள. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த தோம்பு என்னும் பதிவேட்டின் எதிரொலி, ஊர்க் காணிப் பெயர்களில் இன்றும் கேட்கின்றது. ஓர் ஊரின் உறுதிகள் நூறு ஒருங்கு சேருமாயின், மறைந்த ஒழுங்கைகளும் தூர்ந்த குளங்களும் எவ்விடத்தன என்று வரைபடமே எழுதலாம். ஊர்ப் பெயர்க் காரணம் பற்றிப் பத்துப் பக்கம் ஊகித்து எழுதும் நூலினும் இது பயன் மிகவுடையது.

யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உரிய வேறொரு சான்றும் உண்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, அச்சிட்டு வழங்கப்படும் சிறு நூலைக் 'கல்வெட்டு' என்று மக்கள் வழங்குவர். அதிலுள்ள புகழுரைகளை ஒருங்கு வைத்துப் படிப்போர், இறந்தோர் யாவரும் ஒரே குணமுடையோர் என்று எண்ண நேரும். அறம், ஈகை, விருந்தோம்பல் என்பன எல்லார்க்கும் ஒரே அளவினவாக வழங்கப்பட்டிருக்கும். ஆதலின் குணவருணனையைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால் அந்நூலின் திதி வெண்பா, தமிழ் ஆண்டும் மாதமும் பக்கமும் திதியும் குறிப்பது. மரண நாளை உறுதிசெய்ய உதவுவது. வம்ச வரலாறோ பெண் கொண்ட ஊரையும் கொடுத்த ஊரையும், மலாயாவுக்கு உத்தியோகம் நாடிச் சென்றோரையும் காட்டும். ஒரே நூலில் நம்பத்தகாத பகுதியும் நம்பத்தக்க பகுதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே திறனாய்வு. நூலை முழுவதும் ஏற்பதும் முழுவதும் தள்ளுவதும் திறனாய்வு ஆகா.

இனிப் புகைப்படங்களைக் கருதுவோம் எனின், அவை பொய் கூறா என்பது பொதுமக்கள் துணிபு. படம் பொய் கூறாதெனினும், தானாக யாதும் கூறுவதுமில்லை. பெயரும் ஆண்டும் இடமும் குறிக்கப்படாத படம் ஊமையே. பாடசாலை உதைபந்தாட்டக் குழுவின் படத்தில், நடுவிலுள்ள பந்தின்மீது ஆண்டை எழுதிவைத்த பழைய ஆசிரியர் பின்வந்தோர்க்குப் பேருதவி செய்தவராவர். அது இல்லாதவிடத்து, அட்டையிற் பொறித்த படப்பிடிப்பு நிலையத்தின் பெயரும், பின்னணியிலுள்ள கோபுரம் கட்டி முடிந்ததோ முடியாததோ என்பதும், உடையும் அணியும் காலத்தை ஒருவாறு உணர்த்தும். அவை ஒருவாறே உணர்த்தும். முகங்களுக்குரிய பெயர்களை உயிரோடுள்ள முதியோரே உணர்த்தவல்லர்.

ஊர் நூல்கள் எடுத்தாளும் படங்களிலும் ஒருபாற் கோடுதல் காணப்படுகின்றது. மணக்கோலமும் பட்டமளிப்பும் தேர்த் திருவிழாவும் அச்சேறும். இறந்தவர் உடலைச் சூழ்ந்து உறவினர் நிற்கும் மரணவீட்டுப் படமோ அமங்கலம் எனக் கழிக்கப்படும். சில வீடுகளில் எரிக்கவும்படும். ஆனால் சிதறி வாழ்ந்த உறவினர் அனைவரும் ஒருங்கு கூடி நின்ற படம் ஒரு குடும்பத்தில் அதுவொன்றேயாதலும் உண்டு. உறவு முறையை அறிதற்கு அதனினும் தக்க சான்று அரிது. அதனை மலரில் அச்சிட வேண்டுமென்பதில்லை. அழியாது வைத்தல் வேண்டும் என்பதே கருத்து.

படத்தின் அடிக்குறிப்புக்களும் ஆராயத்தக்கன. நாற்காலியில் அமர்ந்தோர்க்குப் பெயரும் பட்டமும் பதவியும் குறிக்கப்படும். பின்னே நிற்கும் இளைஞனுக்கு 'வேலையாள்' என்பதே பெயர். பறை முழக்கியோரும், சலவை செய்தோரும், முடி திருத்தியோரும் இன்றி ஊரில் ஒரு சடங்கும் நிறைவேறியதில்லை. ஆயினும் அவர்கள் படத்தின் ஓரத்தே பாதி உருவாய் நிற்பர். அல்லது அச்சிடும்போது அந்த ஓரம் வெட்டப்பட்டுவிடும். ஊர் வரலாற்றுக் கழகம் ஒன்று செய்யத்தக்க மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று, அந்த 'வேலையாள்' பெயரென்ன என்று அவருடைய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் சென்று கேட்டு எழுதுதலாகும்.

இதனால் வேறொரு வினா எழுகின்றது. சான்று யாருடைய வாயாற் பேசுகின்றது? ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமைத் தொகுப்பை ஆக்கினர். 1707-இல் அது சட்டமாயிற்று. தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்பியோர் பன்னிரு முதலிமார். சீதனம், முதுசம், தேடிய தேட்டம் முதலியன பற்றி அது தெளிவுற உரைக்கின்றது. அடிமைகளைப் பற்றியும் அது விதி கூறுகின்றது. ஆனால் அடிமைப்பட்டோர் ஒருவரையும் அதன்பொருட்டு யாரும் கேட்டிலர். சான்று மெய்யாயினும், அது முதலிமார் கண்ட மெய்யே என்பதை மறத்தல் ஆகாது.

இலங்கையில் அடிமைமுறை 1844-இல் ஒழிக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968-இல் நிகழ்ந்தது. இவ்வாண்டுகள் யாவும் யாழ்ப்பாணத்து ஊர்களின் வரலாற்று ஆண்டுகளே. ஆயினும் கோயிற் சிறப்பை விரிக்கும் மலர்கள் பலவற்றில், அக்கோயில் வாயில் யார்க்கு எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்னும் செய்தி ஒரு வரியேனும் இடம்பெறுவதில்லை. அவ்வாறே, 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அயலவராய் வாழ்ந்த அவர்களின் பள்ளிவாயில், பாடசாலை, கடைத்தெரு என்பனபற்றிய படங்களும் பத்திரங்களும் எஞ்சியிருப்பின், அவையும் ஊர்ச் சான்றுகளே. 'எங்கள் ஊர்' என்னும் தொடரில் 'எங்கள்' என்பது யாரை உள்ளடக்குகின்றது என்பதைக் கழகத்தின் பேழையே வெளிப்படுத்தும்.

பழம்புண்ணைக் கிளறுதல் ஊர் ஒற்றுமைக்குக் கேடாகும் என்று நல்லெண்ணமுடையோரும் கூறுவதுண்டு. ஒரு குடும்பத்துச் சீதன ஓலை அடிமைகளைக் குறிப்பிடுமாயின், அதனை வெளியிடுதல் இரு திறத்தார்க்கும் மனத்துயர் தருமன்றோ என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு. உரியோரின் இசைவின்றி ஒரு பத்திரத்தை வெளியிடாதிருத்தல் நாகரிகம். இத்தனை ஆண்டுகள்வரை திறவற்க என்று முத்திரையிட்டு வைத்தலும் தகும். வெளியிடத் தகாதது என்பதற்காக அழித்துவிடுதலோ, பின்வருவோரின் அறிவைத் திருடுதலாகும். இன்று துயர் தருவது, நாளை ஒருவன் தன் முன்னோரின் பெயரை அறிதற்குரிய ஒரே வழியாதலும் கூடும்.

கழகம் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சிலவே. முதலாவது, மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் படியெடுத்துக் கொள்ளுதல். வாங்கிச் சென்றவர் திருப்பித் தரவில்லை என்னும் குறை பல வீடுகளில் உண்டு. இந்நெறி நம்பிக்கையை மீட்கும். இரண்டாவது, தந்தவர் பெயர், தந்த நாள், அடையாளங் கூறியவர் பெயர் என்பவற்றை அன்றே ஏட்டிற் பதிதல். மூன்றாவது, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்தல். மைப்பேனா ஊறிப் படத்தைக் கெடுக்கும். பசையுள்ள தாளில் ஒட்டும் அல்பங்களும் நாளடைவிற் படத்தைப் பழுதாக்கும். நான்காவது, ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுதல். ஒருவர் ஒரு முகத்தை இன்னார் என்றும் மற்றொருவர் வேறொருவர் என்றும் கூறின், இரண்டையும் பதிதல் வேண்டும். தலைவர் விரும்பியதைத் தெரிதல் கூடாது.

ஐந்தாவதாகிய நெறி 1981-இன் பாடமாகும். படிகள் ஓரிடத்து இருத்தல் ஆகாது. ஊரில் ஒன்று, ஊருக்குப் புறத்தே ஒன்று, நாட்டுக்குப் புறத்தே ஒன்று என மூன்றேனும் வேண்டும். 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படியெடுத்து எவரும் காணுமாறு வைத்துள்ளது. ஊர்க் கழகங்கள் அதனோடு இணைந்து பணிபுரியின் செலவும் குறையும். ஆயின் எண்ணிமப் படி செய்தமையால் மூலத்தைப் புறக்கணிக்கலாம் என்று எண்ணுதல் தவறு. தாளின் தன்மை, மையின் நிறம், ஏட்டின் துளை, பின்புறத்துக் கையெழுத்து என்பனவும் சான்றின் கூறுகளேயாம்.

இப்பணிக்குப் புதிய கட்டடம் வேண்டும், பெருநிதி வேண்டும் என்று காத்திருத்தல் வேண்டா. பத்திரிகை படிக்கும் மேசையுடன் கூடிய சனசமூக நிலையங்கள் ஊர்களில் உள. பாடசாலைகளில் மேல் வகுப்பு மாணவர் உளர். ஒரு தவணையில் ஒரு மாணவன் ஒரு முதியவரிடம் சென்று ஒரு படத்திலுள்ளோர் பெயர்களை எழுதி வருதல், வரலாற்றுப் பாடத்தின் சிறந்த பயிற்சியாகும். மன்னர் பெயரை மனனஞ் செய்யும் மாணவன், ஒரு பெயர் எவ்வாறு சான்றாகின்றது என்பதையும் அங்கே கற்பான்.

காலந் தாழ்த்தற்கு இடமில்லை. 1990-இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களும் கையில் எடுக்கக் கூடியவற்றை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். உறுதிப் பெட்டியைச் சுமந்தோர் படங்களை விட்டுச் சென்றனர். படங்களைச் சுமந்தோர் கோயிற் கணக்கை விட்டுச் சென்றனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017-இல் விடுவிக்கப்பட்டது போல, காணிகள் சிறிது சிறிதாக மீண்டபோது, வேலியும் எல்லையும் வீட்டின் அடையாளமும் அழிந்திருந்த இடங்கள் பல. அங்கே பழைய உறுதியும் முற்றத்திற் பிடித்த பழைய படமும் நினைவுப் பொருள்களாய் மாத்திரம் நில்லாது, உரிமைக்குத் துணையுமாயின. சான்றுகளைப் பேணுதல் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

ஏடு சில ஆண்டு பொறுக்கும். பெட்டியிலுள்ள படமும் சில ஆண்டு பொறுக்கும். அப்படத்து முகங்களைப் பெயர் சொல்லி அழைக்கவல்ல முதியோர் அத்துணை பொறுக்கமாட்டார். ஆதலின் மலர் வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்னர், ஊரின் மிக முதிர்ந்தவர் வீட்டுக்குச் செல்ல நாள் குறித்தல் முறையாகும். ஊரின் புகழைப் பின்னரும் எழுதலாம்.